பரி என்னும் விமானியைக் கொன்றவன்

என் அக்காவின் விமானியைக் கொன்றவன் நான்தான்.

சாமி கொல்லவில்லை. தீட்டு கொல்லவில்லை. கணினியிலும் எந்தக் கோளாறும் இல்லை. எனக்குப் பன்னிரண்டு வயது. ஆயுத பூஜை மாலை. சந்தனமும் குங்குமமும் வைத்துச் சாமிக்கு முன்னால் படைத்திருந்த கணினியைத் திருட்டுத்தனமாகத் திறந்து, நான் கொன்றேன். பழியை அக்கா சுமந்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்...

நீங்கள் சிரிக்கலாம். விளையாட்டில் செத்துப்போன ஒரு விமானிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கலாம். கேளுங்கள். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். ஏனென்றால் இதில் ஒரு மாபெரும் வெற்றியும் இருக்கிறது! அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் துடிக்கிறது. தெருவில் நின்று கத்திச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. கொலையைச் சொல்லாமல் வெற்றியை மட்டும் சொல்ல வழி இருந்தால், நான் அதைத்தான் செய்திருப்பேன். என் குணம் அப்படி.

மலேசியாவில், அசாம் ஜாவா என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் அப்பா லோரி ஓட்டினார். தோட்டத்து அலுவலகத்தில் கணக்கு வழக்கு பார்த்த கிராணி வேலை மாறிக் கோலாலம்பூருக்குப் போனபோது, அவருடைய சாமான்களை ஏற்றி இறக்கியது அப்பாதான். அந்த நன்றிக்கு, தன் மகன் விளையாடித் தீர்த்த பழைய கணினியையும், ஒரு ஜாய்ஸ்டிக்கையும், ஒரு பை நிறைய பிளாஸ்டிக் கட்டைகளையும் எங்களுக்கு விட்டுவிட்டுப் போனார். ஒன்றின் தலையில் இன்னொன்று 'டிக்'கென்று பொருந்திக்கொள்ளும் கட்டைகள்.

எங்கள் லயத்தில், வரிசையாக இருந்த அத்தனை வீடுகளிலும், அதுதான் முதல் கணினி. அம்மா அதற்கு ஒரு பூப்போட்ட துணி தைத்துப் போர்த்தினார். தொலைக்காட்சிக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை.

அதற்குள் ஒரே ஒரு விளையாட்டுதான் இருந்தது. விண்வெளிப் போர். ஒரு சிறிய போர்க்கப்பலுக்குள் நீங்கள் தனியாக உட்கார்ந்திருக்கிறீர்கள். முன்னால் கண்ணாடி. அதற்கப்பால் கறுப்பு வானம். எங்கிருந்து வருவான் எதிரி என்று தெரியாது!

என்னைப் போன்றவர்கள் கண்ட இடத்தில் சுட்டுவிட்டுக் கண்ட இடத்தில் சாவார்கள். பரிமளா அக்கா அப்படி இல்லை. அவளுக்கு அப்போது பதினைந்து வயது. கப்பலுக்கு இருக்கும் சக்தி ஒரே அளவுதான். அதை ஓட்டத்துக்கு இவ்வளவு, கேடயத்துக்கு இவ்வளவு, துப்பாக்கிக்கு இவ்வளவு என்று சண்டைக்கு நடுவிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும். அக்கா அதை, ஒரே மீனை நாலு தட்டுக்குப் பங்கு வைக்கும் அம்மாவைப் போலச் செய்வாள். கண் திரையிலேயே இருக்கும். இடது கை தானாக விசைகளைத் தேடிப் போகும். எதிரி திரும்புவதற்குள் அவன் முதுகுக்குப் பின்னால் இருப்பாள்.

அவளுடைய விமானிக்குப் பெயர் பரி. விளையாட்டின் தொடக்கத்தில் விமானிகளின் பெயர்ப்பட்டியல் ஒன்று வரும். உயிரோடு இருப்பவர்கள் பச்சை எழுத்தில். இறந்தவர்கள் சாம்பல் எழுத்தில், பக்கத்தில் ஒரு சிலுவைக் குறியோடு. அந்த விளையாட்டில் இறந்தவர்கள் திரும்பி வருவதில்லை. புதிய பெயரில் முதல் சண்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பட்டியலில் என் பெயரில் மட்டும் எத்தனையோ சாம்பல் வரிகள்! பரி ஒருத்திதான், ஏறக்குறைய ஓராண்டாக, பச்சையாகவே இருந்தாள்.

கட்டைகளை வைத்துப் பரியின் கப்பலையும் அக்கா கட்டியிருந்தாள். சிவப்புக் கட்டை போதாததால் ஓர் இறக்கை சிவப்பு, இன்னொன்று வெள்ளை. விமானி உட்காரும் இடத்துக்கு, பையில் இருந்த ஒரே ஒரு மஞ்சள் கண்ணாடிக் கட்டை. அது கணினியின் தலையில் எப்போதும் நின்றுகொண்டிருக்கும். எனக்கு அந்தக் கப்பலைப் பார்த்தாலே பொறாமையாக இருக்கும். ஆமாம், பொறாமைதான். வேறு நல்ல பெயர் தேடிப் பயனில்லை.

இறுதிச் சண்டை வந்தது. எதிரியின் தாய்க்கப்பலை வீழ்த்த வேண்டும். அதை அடைந்த அன்றே அக்கா விளையாட்டை மூடிவிட்டாள். மறுநாள் ஆயுத பூஜை. பூஜை முடிந்து, அதற்கடுத்த நாள் காலையில் சாமான்களைச் சாமியிடமிருந்து எடுத்த பிறகு, எல்லோருக்கும் முன்னால் முடிப்பேன் என்று அறிவித்தாள். லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் வருவதாகச் சொன்னார்கள்.

எங்கள் வீட்டுப் பூஜை உங்களுக்குத் தெரிந்ததுதான். அப்பாவின் லோரிச் சாவி, திருப்புளிகள், அம்மாவின் ரப்பர் பால்வெட்டுக் காலத்துக் கத்தி, எங்கள் பாடப்புத்தகங்கள் எல்லாம் சாமிப் படத்துக்கு முன்னால் வந்துவிடும். அந்த ஆண்டு கணினியும் வந்தது. ஒருமுறை படைத்துவிட்டால், மறுநாள் மறுபூஜை போட்டு எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. ஜாய்ஸ்டிக்குக்குச் சந்தனப் பொட்டு வைத்தது அக்கா. நான் வைக்கிறேன் என்று கேட்டேன்.

"நீ கோணல்மாணலா வைப்படா. போ லா அங்கிட்டு" என்றாள்.

மோதிர விரலால் ஒரே ஒரு தொடல். நட்டநடுவில், வட்டமாக ஒரு பொட்டு. கப்பலின் மூக்கிலும் ஒன்று.

அன்று மாலை தோட்டத்துக் கோயிலில் பஜனை. எனக்கு வயிற்று வலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். எல்லோரும் போனார்கள். நான் எழுந்தேன்.

ஏன்? பல ஆண்டுகள் என்னையே கேட்டிருக்கிறேன். விளையாட்டு ஆசை என்று சொன்னால் பாதிப் பொய். நாளைக்கு அக்கா ஜெயிப்பாள் என்று எனக்குத் தெரியும். அவள் ஜெயிப்பதற்கு முன்னால் நான் ஜெயித்துவிட வேண்டும். யாருக்கும் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்தால் போதும். அந்தச் சண்டைவரை போன விமானி பரி மட்டும்தான். அதனால் பரியை எடுத்தேன்.

தூரத்தில் தாளச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் நன்றாகவே ஓட்டினேன், நம்புங்கள்! தாய்க்கப்பலின் கேடயங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசிக் கேடயம் மிச்சம். அப்போது அடி விழுந்தது. திரை முழுவதும் சிவந்தது. அபாயச் சங்கு அலறியது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

சங்கு அலறும்போது வெளியேறும் விசை ஒன்று உண்டு. அதை அமுக்கினால் கப்பல் போகும், விமானி பிழைப்பாள். சண்டையில் தோல்விதான். ஆனால் பெயர் பச்சையாகவே இருக்கும், இன்னொரு நாள் மீண்டும் முயலலாம். எனக்கு அது தெரியும். என் விரல் அந்த விசையின் மேல்தான் இருந்தது... அமுக்கவில்லை. இன்னும் ஒரு குண்டு, ஒரே ஒரு குண்டு என்று துப்பாக்கியையே அழுத்திக்கொண்டிருந்தேன்.

வெள்ளை வெளிச்சம். பிறகு, கறுப்பு வானத்தில் மெதுவாகத் தள்ளிவிடப்படும் ஒரு சவப்பெட்டி. பிறகு பட்டியல். பரி, சாம்பல் நிறத்தில்.

கணினியை அணைத்தேன். ஜாய்ஸ்டிக்கில் பொட்டு கலைந்து என் கையெல்லாம் சந்தனம். கிண்ணத்தில் மிச்சமிருந்ததைக் கட்டைவிரலால் எடுத்துப் புதிதாக ஒரு பொட்டு வைத்தேன். போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொண்டேன். அம்மா திரும்பி வந்ததும் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். குடித்தேன். அந்தக் கசப்புக்குக்கூட எனக்குத் தகுதி இருக்கவில்லை.

மறுநாள் காலை கற்பூரம் காட்டி எல்லாவற்றையும் எடுத்தோம். ஜன்னலில் பிள்ளைகளின் தலைகள். அக்கா தலைக்குக் குளித்து, ஈரத்தலையோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். பட்டியல் வந்தது.

அக்கா திரையைப் பார்த்தாள். பிறகு ஜாய்ஸ்டிக்கைப் பார்த்தாள். அந்தப் பொட்டை விரலால் தொட்டாள். அது கோணலாக, ஓரமாக, அகலமாக இருந்தது. அவள் முகம் வெளுத்தது.

கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். முடிந்தது என் கதை என்று நினைத்தேன்.

அவள் அம்மாவிடம் திரும்பினாள். "அம்மா... நான் தூரம்மா. நேத்துக் காலையிலேயே. சொன்னா தள்ளி உக்கார வைப்பீங்கன்னு சொல்லாம தொட்டுட்டேன். சாமி பொட்டக் கலைச்சிருச்சும்மா, பரியக் கொன்னுருச்சும்மா!"

தூரம் என்றால் மாதவிலக்கு என்று எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் ஜன்னலில் இருந்த பெரிய பிள்ளைகளுக்குத் தெரியும். அவர்கள் முன்னால், கதறிக்கொண்டு, தன் வாயாலேயே அவள் அதைச் சொன்னாள்.

அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. பயம் வந்தது. அதுதான் இன்னும் மோசம். அக்காவை உள்ளே இழுத்துப் போனார். இனி அந்தப் பெட்டியை நீ தொடக்கூடாது என்றார். அந்தக் கட்டைகளைக் கொண்டுபோய் வீசு என்று என்னிடம் சொன்னார். அடுத்து வந்த கோயில் திருவிழாவில், மகள் செய்த குற்றத்துக்காக, அம்மா தீச்சட்டி எடுத்தார்.

என் அம்மா கையில் நெருப்போடு கோயிலைச் சுற்றி வந்ததைப் பார்த்தேன். அருகில் நடந்தேன். வேப்பிலையால் விசிறிவிட்டேன்! வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அந்த நாற்காலி எனக்கு வந்தது. கணினி எனக்கு வந்தது. பழுதானபோது நானே பிரித்தேன், நானே பூட்டினேன். இன்று கோல சிலாங்கூர் டவுனில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. கணினி பழுது பார்க்கிறேன், கேமரா பொருத்துகிறேன். கம்போங் குவாந்தான் படகுத்துறையில் மாட்டியிருக்கும் கேமராக்கள்கூட நான் பொருத்தியவைதான். என்னைப் 'பொறியாளரே' என்று கூப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். அக்காவுக்கு இடைநிலைப் பள்ளியில் கணினி வகுப்பு கிடைத்தது. 'எனக்குக் கணினி ராசியில்லை' என்று சொல்லி அவள் சேரவில்லை.

அதற்காக அவளைப் பாவம் என்று நினைத்துவிடாதீர்கள். பரிமளா அக்கா யாருடைய பரிதாபத்துக்கும் ஆள் இல்லை. ரவாங்கில் ஒரு பெரிய கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். ஒருமுறை போய்ப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு அட்டைப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, சுவருக்கும் அடுக்குக்கும் நடுவே பின்னோக்கி வந்து, திரும்பிப் பார்க்காமலே மேல்தட்டில் வைத்தாள். அவளுடைய இடது கை தானாக நெம்புகோல்களைத் தேடிப் போனது. எனக்கு அந்தக் கையைத் தெரியும்... அன்று மதியம் அவளோடு சாப்பிட உட்கார்ந்த நான், பாதியிலேயே எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கட்டைகளை நான் வீசவில்லை. ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன். தோட்டத்திலிருந்து புக்கிட் ரோத்தானுக்குக் குடிவந்தபோதும், கல்யாணத்துக்குப் பிறகு வீடு மாறியபோதும், அந்த டின் என்னோடு வந்தது. ஏன் என்று என் மனைவி கேட்டபோது, சும்மாதான் என்றேன்.

அம்மா இறந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் டின்னைத் திறந்தேன். மஞ்சள் கண்ணாடிக் கட்டை மேலேயே கிடந்தது.

அந்தப் பழைய விளையாட்டை இப்போது மறுபடியும் விற்கிறார்கள். என்னைப் போல் நரைக்கத் தொடங்கிய பையன்களுக்காக! வாங்கினேன். புதிய ஜாய்ஸ்டிக் ஒன்றும் தருவித்தேன். பெயர் கேட்டது. பரி என்று போட்டேன். என் திட்டம் என்ன தெரியுமா? நானே இறுதிச் சண்டையை ஜெயித்து, பச்சை எழுத்தில் பரியை அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிடுவது. வாயைத் திறக்காமல் கணக்கைத் தீர்த்துவிடுவது. என்ன சாமர்த்தியம்!

இறுதிச் சண்டைவரை தட்டுத்தடுமாறிப் போய்விட்டேன். அதற்குமேல் முடியவில்லை. சங்கு அலறும், நான் வெளியேறும் விசையை அமுக்குவேன். மறுபடி அலறும், மறுபடி அமுக்குவேன். அன்று அமுக்காததற்கெல்லாம் சேர்த்து அமுக்கினேன். பரி பிழைத்துக்கொண்டே இருந்தாள். ஜெயிக்க மட்டும் என்னால் முடியவில்லை.

அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, அந்தக் கப்பல் விளையாட்டு திரும்பக் கெடைச்சிருக்குக்கா. வந்து ஒரு தடவ ஓட்டிப் பாரேன்."

"எனக்கு எதுக்கு தம்பி அதெல்லாம்? வேற வேல இல்லையா?"

"கடைசிச் சண்டையில மாட்டிக்கிட்டேன். தாண்ட முடியல லா."

போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"பின்பக்கக் கேடயத்த மொதல்ல அடிக்கிறியா, முன்பக்கமா?" என்று கேட்டாள்.

மறக்கவில்லை! இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஒன்றையும் மறக்கவில்லை! என் கடை நாற்காலியில் உட்கார்ந்து, வாடிக்கையாளர் முன்னால், நான் மூக்கைச் சிந்தினேன்.

"இந்த வாரம் வேணாம்டா. அடுத்த ஞாயித்துக்கெழம வரேன்" என்றாள்.

வந்தாள். கூடவே அவள் மகள் தாரணி. பதினைந்து வயது. என் மனைவியும் பிள்ளைகளும் மாமியார் வீட்டுக்குப் போயிருந்ததால் நாங்கள் மூவர்தான். பாய் விரித்து டின்னைக் கவிழ்த்தேன். அக்கா ஒரு சின்னப் பெண்ணைப் போலச் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு படமும் இல்லாமல், ஒரு குறிப்பும் இல்லாமல், விரல்கள் கட்டைகளைத் தேடி எடுத்தன. டிக்... டிக்... சிவப்பு இறக்கை. வெள்ளை இறக்கை. மஞ்சள் கண்ணாடி. கப்பல் எழுந்து நின்றது!

தாரணி மட்டும் கதவோரம் ஒரு நாற்காலியில் ஒட்டினாற்போல் உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில். வா, நீயும் கட்டு என்றேன். "பரவால்ல மாமா" என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவள் கண் கட்டைகளை விட்டு நகரவில்லை.

அக்கா கணினி முன் உட்கார்ந்தாள். கப்பலைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தாள். "லேசா இருக்கு. பழசு இன்னும் கனமா இருக்கும்" என்றாள். பட்டியலில் பரி என்ற பெயரைப் பார்த்து என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

முதல் முறை அடி வாங்கினாள். சங்கு அலறியது. யோசிக்கவே இல்லை, வெளியேறினாள். "கை இன்னும் சூடாகல" என்றாள்.

இரண்டாம் முறை... நான் எப்படிச் சொல்வேன்! கேடயத்துக்கு இருந்த சக்தியை எல்லாம் எடுத்து ஓட்டத்துக்குக் கொடுத்தாள். நான் அலறினேன், "அக்கா, கேடயம் இல்லாம போறியே!" காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எதிரிக் கூட்டத்தின் நடுவே புகுந்து, தாய்க்கப்பலின் வயிற்றோடு வயிறாக ஒட்டிப் பறந்தாள். அவ்வளவு கிட்டே போய்விட்டால் அதன் பீரங்கிகளால் அவளைக் குறிபார்க்க முடியாது. இது எனக்கு எப்படித் தெரியாமல் போனது? பின்பக்கக் கேடயம் விழுந்தது. முன்பக்கம் விழுந்தது. இப்போது எல்லாச் சக்தியும் துப்பாக்கிக்கு! கடைசிக் கேடயம்...

தாய்க்கப்பல் வெடித்தது!

திரையெல்லாம் நெருப்புப் பூ! அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து இரண்டு கைகளையும் தூக்கினாள். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பரிக்குப் பதக்கம் சூட்டினார்கள். வரிசையாக நின்ற வீரர்கள் வணக்கம் வைத்தார்கள். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அந்த வணக்கத்தைத் தனக்கு வைத்ததாகவே ஏற்றுக்கொண்டாள். சரிதானே? அவளுக்குத்தானே!

அதுபோன்ற ஒரு மகிழ்ச்சி என் வீட்டில் அதற்கு முன்னால் நடந்ததில்லை. கடை திறந்த நாளில்கூட நான் அப்படிக் குதித்ததில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். இனி சொல்லவே வேண்டியதில்லை... பார்த்தீர்களா, அந்த நேரத்திலும் என் மனம் போன போக்கை!

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "நாள் பாத்துதான் தம்பி வந்தேன். போன வாரம் நீ கூப்டப்ப நான் தூரம். அதான் வேணாம்னேன். சுத்தமா வந்து உக்காந்தேன், பாத்தியா? சாமி விட்டுக் குடுத்துருச்சு."

கதவோரத்திலிருந்து தாரணி எழுந்து வந்துவிட்டிருந்தாள். திரையை நெருங்கிப் பார்த்து, ஜாய்ஸ்டிக்கை நோக்கிக் கை நீட்டினாள்.

"ஏய், நீ தொடாத!" என்றாள் அக்கா. கோபமாக இல்லை. பயத்தோடு. அம்மாவின் அதே குரல். "இன்னிக்கு உனக்கு ஆகாதுன்னு வீட்லயே சொன்னேன்ல. போயி உக்காரு."

தாரணி கையை இழுத்துக்கொண்டாள். சுட்டதுபோல.

அந்தக் கை இழுத்துக்கொண்டதைப் பார்த்த பிறகு என்னால் நிற்க முடியவில்லை.

"அக்கா, நான்தான்" என்றேன்.

"என்ன நான்தான்?"

"பரிய... அன்னிக்கு எனக்கு வயித்து வலி இல்லக்கா. நீங்க பஜனைக்குப் போனப்புறம் நான் தொறந்தேன். நான்தான் சாகடிச்சேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப அந்தப் பொட்டு?"

"கலைஞ்சு போச்சு. நான்தான் வச்சேன். கட்ட வெரலால."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் மோதிர விரலைப் பார்த்தாள்.

"எஜெக்ட் பட்டன் இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு."

"உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்கா. அதுமேலதான் வெரல வச்சிருந்தேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அறைவாள் என்றுகூடக் காத்திருந்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அம்மா தீச்சட்டி எடுத்தாங்கடா" என்றாள். அவ்வளவுதான்.

பிறகு நாற்காலியை விட்டு எழுந்தாள். "தாரணி, வா. வந்து உக்காரு."

"ம்மா, நான் இன்னிக்கு..."

"தெரியும் லா. வா. ஸ்டிக்கப் புடி."

தாரணி என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தாள். புதிய பெயர் போடவா என்று கேட்டாள்.

"வேணாம். பரியவே எடு" என்றாள் அக்கா.

பதக்கம் சூடிய பரியை! அப்போதுதான் உயிர்த்தெழுந்த பரியை! நடுவில் இருந்த ஒரு பழைய சண்டையைத் தேர்ந்தெடுத்தார்கள். தாரணி கண்டபடி சுட்டாள். கண்ட இடத்தில் முட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத் துணியவில்லை. திடீரென்று திரை சிவந்தது. சங்கு அலறியது.

"அமுக்கு!" என்றாள் அக்கா.

அமுக்கினாள். கப்பல் வெடித்துச் சிதறியது. கறுப்பு வானத்தில் ஒரு சின்ன உருவம் மிதந்தது. மீட்புக் கப்பல் வந்து தூக்கிக்கொண்டது. பட்டியல் வந்தது. பரி, பச்சை எழுத்தில்.

"சாகலம்மா!" என்று தாரணி கத்தினாள். "நான் தொட்டும் சாகல!"

"அவ எப்படிடி சாவா?" என்று அக்கா மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் கொட்டியது, சிரித்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சிரிப்போடு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்தியா? ஒரே ஒரு பட்டன்."

அன்று சாயங்காலம்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை. சக்தியை எப்படிப் பிரிப்பது, எதிரியின் முதுகுக்கு எப்படிப் போவது என்று தாய் சொல்லச் சொல்ல மகள் ஓட்டினாள். விழுந்தாள், வெளியேறினாள், மறுபடி ஏறினாள். கடைசியில் ஒரு சண்டையைத் தனியாகவே ஜெயித்தாள்! நான் மூன்று பேருக்கும் மேகி கோரேங் வாங்கி வந்து, ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டேன். உலகத்தில் அதைவிட அழகான காட்சியை நான் பார்த்ததில்லை. அதில் எனக்கு இடமும் இல்லை.

கிளம்பும்போது ஜாய்ஸ்டிக்கைத் தாரணியிடமே கொடுத்தேன். கப்பலை அக்கா எடுத்துக்கொண்டாள், இரண்டு கைகளிலும் ஏந்தி. செருப்பைப் போட்டுக்கொண்டவள், உள்ளே சாமி மேடையில் இருக்கும் அம்மாவின் படத்தைப் பார்த்தாள்.

"என்கிட்ட சொல்லிட்ட. அவங்ககிட்டயும் சொல்லு, குணா."

குணா என் பெயர்தான். ஆனால் அக்கா என் வாழ்நாளில் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. தம்பி என்பாள், கோபம் வந்தால் டேய் என்பாள். அன்றிலிருந்து குணாதான். போனில் நன்றாகத்தான் பேசுகிறாள். தாரணி எந்தச் சண்டை வரைக்கும் போனாள் என்று பெருமையடிக்கிறாள். இந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு ஜாய்ஸ்டிக்குக்குப் பொட்டு வைக்கப்போவது தாரணிதானாம். எந்த நாளாக இருந்தாலும் சரியாம்! எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "சரி குணா, வச்சிர்றேன்" என்று வைத்துவிட்டாள்.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பேன்?

உங்களிடம் ஏன் சொன்னேன் என்று இப்போது புரிந்திருக்கும். அம்மாவிடம் சொல்ல வேண்டும். அதற்கு முன் யாரிடமாவது முழுவதும் சொல்லிப் பார்க்க வேண்டியிருந்தது, முதலிலிருந்து, ஒன்றையும் விடாமல்...

வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றி அம்மாவின் படத்துக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறேன். மோதிர விரலால் வைக்கிறேன். பொட்டு நடுவில், வட்டமாக, நேராக வருகிறது. கையில் தீச்சட்டி இல்லாமல் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

வாய் இன்னும் திறக்கவில்லை.